சட்டிக்கு மேலும் தணல்



பை என்றவுடன் சந்தைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பைதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நாம் இன்று பேசப் புகுவது அதைப் பற்றியன்று. ஆயினும் இரண்டுக்கும் உறவு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. உள்ளே பல பொருள்களை இட்டு வாயை மூடி வைப்பது துணிப்பை. வெந்த இறைச்சியையும் காயையும் கெட்டியான சாற்றோடு ஒரு பாத்திரத்தில் இட்டு, வெண்ணெய் விரவிய மாவினால் அதன் வாயை மூடிச் சுட்டெடுப்பது மேல்நாட்டார் சொல்லும் பை. அயர்லாந்து நாட்டு வீடுகளில் கோழியைக் கொண்டு இதைச் செய்வர். வாளையாறு, கோபாலபுரம், போடிமெட்டு, குமுளி ஆகிய எல்லைகளைக் கடந்து கேரளத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் வீட்டு அடுப்பிலேயே அதைச் செய்துகொள்ளும் முறையைச் சொல்ல முற்படுகிறோம்.

"நம்மிடம் அடுமனை அடுப்பு ஏது?" என்று கேட்பீர்கள். கேரளத்துப் பேக்கரிக்காரர்கள் போர்மா என்று சொல்லும் பெரிய அடுப்பு எந்த வீட்டில் இருக்கிறது? நியாயமான கேள்விதான். ஆனால் அயர்லாந்தின் நாட்டுப்புறக் குடிசைகளிலும் அது இருந்ததில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே இருந்தது பாஸ்டிபிள் என்னும் கனத்த இரும்புப் பாத்திரம் ஒன்றே. அடி தட்டையானது, குட்டையான மூன்று கால்களும் இரும்பு மூடியும் உடையது. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி உலர்த்திய புல்மண் கட்டிகளே அந்நாட்டு ஏழையின் விறகு. அவை எரிந்து கனிந்த தணலின்மேல் பாத்திரத்தை வைப்பர். அல்லது தணலுக்கு மேலே சங்கிலியில் தொங்கவிடுவர். பிறகு இடுக்கியால் தணலை எடுத்து மூடியின் மேலும் பரப்புவர். மேலும் கீழும் நெருப்பு. அவர்களுடைய ரொட்டியும் கேக்கும் கோழியும் அந்த இரும்புச் சட்டிக்குள்ளேயே வெந்தன.

இந்த வித்தை நமக்கும் புதிதன்று. கண்ணூர், தலச்சேரி, கோழிக்கோடு பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சட்டிப்பத்திரி என்ற பண்டம் உண்டு. மெல்லிய மைதாப் பத்திரிகளை முட்டையிலும் பாலிலும் தோய்த்து, இடையிடையே இறைச்சி மசாலாவைப் பரப்பி, அடுக்கடுக்காகச் சட்டியில் வைத்து, மூடியின்மேல் கனல் இட்டுச் சுடுவது வழக்கம். அயர்லாந்துப் பையும் மலபாரின் சட்டிப்பத்திரியும் ஒன்றையொன்று கண்டதில்லை. எனினும் அடுப்பு வகையில் அவை உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். ஆகவே சட்டிப்பத்திரி செய்யும் பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஒருவர் உங்களுக்கு வாய்த்திருந்தால், நாம் சொல்வதில் பாதியை அவரிடமே கற்றுக்கொள்ளலாம். பேசிக் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் காண்பது மேல்.

இனி, கோழி. பழைய அயர்லாந்தில் கோழி வளர்ப்பும் முட்டை விற்ற காசும் வீட்டுப் பெண்ணுக்கே உரியவை. உப்பும் தேயிலையும் பிள்ளைகளின் உடுப்பும் அந்தக் காசில்தான் வந்தன. நம் ஊர்ப் பெண்களின் கோழிமுட்டைக் காசுக்கும் அதற்கும் வேற்றுமை என்ன இருக்கிறது? ஆதலின் முட்டையிடும் கோழியை யாரும் எளிதில் அறுக்கமாட்டார்கள். முட்டை ஓய்ந்த கிழட்டுக் கோழிதான் சட்டிக்கு வரும். அதன் இறைச்சி முற்றியது, நாரானது, அளவும் சிறிது. சாப்பிடுவோர் எட்டுப் பேர் இருப்பார்கள். இந்த இடுக்கணிலிருந்து பிறந்ததே பையின் இலக்கணம். நெடுநேரம் வேகவைத்தால் நார் இளகும். வெந்த நீர் சாறாகும். சாறும் மாவும் காயும் சேர்ந்து சிறிது இறைச்சியைப் பலருக்குப் பங்கிடும். மேலே இருக்கும் மாவு மூடி வயிற்றை நிரப்பும். விருந்துப் பண்டம் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். இது சிக்கனத்தின் பிள்ளை.

ஒன்றேகால் கிலோ எடையுள்ள நாட்டுக்கோழி ஒன்றை, மூழ்கும் அளவு நீரில், ஒரு வெங்காயமும் பத்து மிளகும் உப்பும் இட்டுச் சிறு தீயில் வேகவிடுங்கள். முற்றிய கோழிக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம்; பிராய்லர் கோழிக்கு முக்கால் மணி போதும். இறைச்சியை எலும்பினின்று பிரித்து விரலளவாகப் பிய்த்து வையுங்கள். சாற்றை வடிகட்டி, 400 மில்லியாகச் சுண்டக் காய்ச்சுங்கள்.

50 கிராம் வெண்ணெயை உருக்கி, நறுக்கிய கேரட் இரண்டையும் ஒரு கட்டு வெங்காயத்தாளையும் வதக்க வேண்டும். அயர்லாந்தில் லீக் என்னும் தடித்த வெங்காயத்தண்டு இடுவார்கள். வட்டவடைக்கும் காந்தளூருக்கும் அருகே இருப்பவர்களுக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் புதிதாகவே கிடைக்குமாதலால், வேகவைத்த கிழங்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வதங்கியதும் 50 கிராம் மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகக் கிளறி, கோழிச் சாற்றையும் 150 மில்லி பாலையும் சிறிது சிறிதாக விட்டுக் கட்டி தட்டாமல் காய்ச்சுங்கள். கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் இறைச்சியைச் சேர்த்து, மிளகைத் தட்டிப் போட்டு இறக்குங்கள்.

மிளகுக்கு மேல் காரம் வேண்டாம். மிளகாய்ப்பொடியும் மசாலாவும் சேர்த்தால் அது கோழிக்குழம்பை மூடி வைத்ததாக முடியும். அதுவும் சுவையாகவே இருக்கும். ஆனால் வேறு பண்டம். மேலும், மிளகு நம் மலையின் பொருள். இடுக்கிக் கொடியில் காய்ப்பது அயர்லாந்துச் சட்டிக்கும் வெளியூர்ச் சரக்காகத்தான் போய்ச் சேர வேண்டும்.

மாவு மூடிதான் இதில் கடினமான பகுதி. 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, 125 கிராம் வெண்ணெய். வீட்டில் கடைந்த வெண்ணெயாயின் மோரை நன்கு பிழிந்துவிட வேண்டும். நெய் உதவாது. வெண்ணெயிலுள்ள சிறிதளவு நீர் சூட்டில் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. நெய்யில் அந்த நீர் இல்லை. குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கி, விரல் நுனியால் மட்டும் மாவில் விரவுங்கள். புட்டுக்கு விரவிய மாவைப்போல் உதிர உதிர வந்ததும், நான்கைந்து மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் தெளித்து ஒன்றுசேர்க்க வேண்டும். பிசையக் கூடாது. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து இழுப்பது அது ஜவ்வு போல் நீளவேண்டும் என்பதற்காக; இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. இழுவை வந்த மாவு வெந்தபின் தோலாகிவிடும். அரை மணி நேரம் ஈரத்துணியால் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பிறகு தேய்க்கலாம்.

குளிர்ந்த இடம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் கேரளத்துத் தமிழர் எல்லோருக்கும் அது ஒன்றாக இல்லை. மூணாற்றுத் தோட்டங்களில் லயத்து வீட்டின் மார்கழிக் காலையில் வெண்ணெய் கல்லாக உறைந்திருக்கும். பாலக்காட்டிலோ, மலைத்தொடர் விலகி வழிவிட்ட கணவாய் வழியே கீழ்நாட்டின் வறண்ட காற்று வீசுகிறது. கோடையில் 40 டிகிரிக்கு மேலும் வெயில் ஏறும். அங்கே விரல் பட்டதும் வெண்ணெய் உருகும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தார் இந்த வேலையை விடியுமுன் செய்வது நலம். அல்லது வெண்ணெயையும் மாவையும் பாத்திரத்தையும் ஐஸ்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும்.

உள்ளீடு முற்றும் ஆறிய பின்னரே மாவைப் போர்த்த வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் பலர். சூடான சாற்றின்மேல் மாவை இட்டால் வெண்ணெய் அடுப்பேறுமுன்பே உருகி, மூடி களியாகிவிடும். ஆறிய உள்ளீட்டை அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் நிரப்பி, சப்பாத்தியைப்போல் இரு மடங்கு கனத்தில் தேய்த்த மாவை மேலே போர்த்தி, விளிம்பைச் சோமாசிக்கு மடிப்பதுபோல் அழுத்தி, நடுவே ஆவி போக இரண்டு கீறல் இடுங்கள். முட்டையை அடித்துப் பூசினால் பொன்னிறம் வரும்.

இரும்புச் சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மூடி, கால் மணி நேரம் காயவிடுங்கள். ஒரு சிட்டிகை மைதாவை ஒரு சிறு தட்டில் வைத்து உள்ளே இறக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கருகினால் சூடு அதிகம். ஐந்து நிமிடமாகியும் நிறம் மாறாவிடில் போதாது. பாத்திரத்தை உள்ளே இறக்கியபின், தணலில் இரு பங்கை மூடியின் மேலும் ஒரு பங்கை அடியிலும் வையுங்கள். பாலக்காட்டில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. மலையில் தேயிலைக் கவாத்துக் கட்டைகளும் யூக்கலிப்டஸ் விறகும் உண்டு. இருபது நிமிடம் கழித்து மேல் தணலை ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் மூடி சிவந்து, கீறல் வழியே சாறு கொதிப்பது தெரியும்.

எரிவாயு அடுப்பு மட்டும் இருப்பவர்களுக்கு ஓர் இடர்: நெருப்பு கீழிருந்து மட்டுமே வருவதால் மாவு வெந்தும் வெளுத்தே நிற்கும். தோசைக்கல்லை வேறோர் அடுப்பில் நன்றாகக் காயவைத்து, மூடியின்மேல் மாற்றி மாற்றி வைத்தால் ஓரளவு நிறம் ஏறும். தணலுக்கு ஈடாகாது, ஆயினும் உண்ணத் தக்கதாக இருக்கும்.

தணலில் செய்பவர்களுக்குக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மலையில் குளிருக்கு அஞ்சிக் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு கரியை எரிப்பதும், சமைத்து முடித்த தணலைப் படுக்கையறைக்குள் கொண்டு வைப்பதும் உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் எழாமலே போவர். வாசலிலோ திறந்த தாழ்வாரத்திலோ சுடுங்கள். மீந்த தணலை நீர் ஊற்றி அணைத்துவிடுங்கள்.

இறைச்சி உண்ணாத குடும்பங்கள் பாலக்காட்டில் ஏராளம். அவர்கள் இடிச்சக்கை என்று அங்கே வழங்கும் பிஞ்சுப் பலாவை வேகவைத்து நாராகப் பிரித்து, கோழியின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சாற்றுக்குக் காய் வெந்த நீரே போதும். மாவின்மேல் முட்டைக்குப் பதில் பால் தடவலாம்.

சுட்டெடுத்த பையைப் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். உடனே வெட்டினால் சாறு ஓடிவிடும். ஆறு பேருக்குத் தாராளமாக வரும். எட்டுப் பேர் என்றால் பக்கத்தில் அவித்த முட்டைக்கோஸ் வையுங்கள். மறுநாளைக்கு மிஞ்சினால், ஐஸ்பெட்டியில் வைத்து, மாவு மூடியைத் தனியே எடுத்துத் தோசைக்கல்லில் மெல்லச் சூடாக்கினால் மீண்டும் மொறுமொறுப்பாகும். உள்ளீட்டைத் தனியே கொதிக்கவிட்டு உண்ண வேண்டும்.