கொடைக்கானல் சாக்லேட்டுக்கு மலை கொடுத்தது என்ன?

கொடைக்கானலிலிருந்து இறங்குகிறவர்கள் பையில் மலைப்பூண்டும் தைலமும் இருக்கும். கூடவே ஒரு பெட்டி ஹோம்மேட் சாக்லேட்டும் இருக்கும். ஆனால் ஏழாயிரம் அடி உயரக் குளிரில் கொக்கோ மரம் பிழைக்காது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்கிற மரம் அது. பிறகு இது எப்படிக் கொடைக்கானல் பண்டம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனாலும் இது கொடைக்கானலுக்கு உரியது என்றே சொல்வேன். காரணம் குளிர். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே குறைவு என்பதால்தான் நாக்கில் கரைகிறது. உருக்கிய கருஞ்சாக்லேட்டைச் சுமார் 28 டிகிரி வரை ஆற்றி, மறுபடி 31, 32க்குக் கொண்டுவந்து அச்சில் ஊற்றினால்தான் பளபளப்பு வரும், உடைத்தால் ‘டக்’கென்று முறியும். மதுரையின் சித்திரை வெயிலில் குளிர்சாதனம் இல்லாமல் இது நடக்காது. கொடைக்கானலில் மே மாதப் பகலே இருபது டிகிரியைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே ஒரு சாதாரண அடுக்களை போதும். 1845இல் மதுரையின் வெக்கைக்கும் நோய்க்கும் தப்பி ஏறிவந்து வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகளை இழுத்ததும் இதே குளிர்தான்.

மொத்தமாகச் சாக்லேட் பாளம் வாங்கி உருக்கி வார்ப்பதில் என்ன கைவண்ணம் என்பார்கள். சுவிட்சர்லாந்தில் கொக்கோ தோட்டமே கிடையாது. அங்கும் பல சிறு கடைகள் பாளம் வாங்கித்தான் வேலை செய்கின்றன. ஆற்றும் பக்குவமும், பாதாமும் உலர்திராட்சையும் சேர்க்கும் அளவும் கைத்தொழில்தான். எனக்கு வருத்தம் தருவது வேறு. கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் பாளமும் சந்தையில் இருக்கிறது. அதற்கு இப்படி ஆற்றுவதும் மறுபடி சூடேற்றுவதும் வேண்டாம். உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். குளிரே தேவைப்படாத பண்டத்துக்கு மலையின் பெயர் எதற்கு? அதை மதுரையிலேயே வார்க்கலாமே! விலை குறைவு, பஸ்ஸில் ஊர்போய்ச் சேரும்வரை அவ்வளவு எளிதில் உருகாது என்று கடைக்காரர்கள் சொல்வதும் உண்மைதான். நான்கு பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு அந்த விலை வித்தியாசம் சின்ன விஷயமில்லை. எனவே விற்கட்டும், எது எது என்று சொல்லி விற்கட்டும். பெட்டியில் அடைத்ததற்கு உட்பொருள் பட்டியல் இருக்கும். தட்டில் குவித்து எடைபோட்டுக் கொடுப்பதில்தான் வாங்குபவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இதே மலையின் பூண்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த மண்ணில், எந்தப் பொருளால், எந்த முறையில் என்று எழுத்தில் காட்டிய பிறகே அந்த உரிமை வந்தது. சாக்லேட்டுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தட்டுக்கு ஒரு அட்டை வைத்து, கொக்கோ வெண்ணெயா தாவரக் கொழுப்பா என்று தமிழில் எழுதி, இரண்டுக்கும் தனித்தனி விலை போட்டால் போதும். அட்டை இல்லாத கடையில் வாங்குபவர் வாய்விட்டுக் கேட்கலாம்.