ஷெயர் வேறு, ஒப்ஷன் வேறு
(தோட்டக் குடும்பங்களுக்கு நிகழ்த்திய உரை)



கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போனில் "ஒப்ஷன் டிரேடிங்" செய்கிறார்களாம். நகையை அடகு வைத்துக் காசு அனுப்பலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஷெயர் நமக்குப் புதிதல்ல. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. பிறகு அந்தக் கம்பனிகளின் பங்குகளை விற்றபோது, 100க்கு 10 பங்கு தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. பலாங்கொடை, கஹவத்தைப் பக்கம் அந்தக் கடதாசி சில வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கலாம். விலை இறங்கினாலும் ஷெயரை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

ஒப்ஷன் அப்படியல்ல. மாடு வாங்க அட்வான்ஸ் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. "இந்தத் திகதிக்குள் இந்த விலைக்கு வாங்கும் உரிமை எனக்கு" என்று காசு கட்டுகிறோம். ஆனால் இந்த அட்வான்ஸ் விலையில் கழியாது, திரும்பியும் வராது. சந்தை விலை போதியளவு ஏறினால் லாபம். ஏறாமல் திகதி முடிந்தால் கட்டியது முழுக்கப் போச்சு. விலை துள்ளுகிற தொழில்நுட்பக் கம்பனிக்கு அட்வான்சும் கூடத்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். என்விடியா என்பது கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கும் அமெரிக்கக் கம்பனி. 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, அதன் பங்கு 142 டொலர். அன்றைக்கு ஒருவர் பெப்ரவரி 21வரை, 150 டொலருக்கு வாங்கும் ஒப்ஷன் எடுத்தார் என்று வைப்போம். பங்குக்கு 4 டொலர் அட்வான்ஸ் என்றால், ஒரு ஒப்பந்தத்துக்கு 100 பங்கு, ஆக 400 டொலர். நம்முடைய காசில் அன்றைக்குச் சுமார் 1,19,000 ரூபா. அப்போதிருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 88 நாள் உழைப்பு.

திங்கட்கிழமை, டீப்சீக் என்ற சீனக் கம்பனியைப் பற்றிய செய்தியால் பங்கு 118 டொலருக்கு விழுந்தது. பெப்ரவரி 21 வரை 150ஐத் தொடவே இல்லை. 88 நாள் காசும் போச்சு. ஆனால் அதே வருடம் ஜூலையில் என்விடியா 4 இலட்சம் கோடி டொலர் பெறுமதியை எட்டிய உலகின் முதல் கம்பனி ஆனது! ஷெயரையே வாங்கியவர் காத்திருந்து மீண்டார். ஒப்ஷன் எடுத்தவரும் கம்பனியைச் சரியாகத்தான் மதிப்பிட்டார். அவருடைய திகதி பெப்ரவரியில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒப்ஷனை விற்கிற பக்கமும் உண்டு. அதில் சில வகைக்கு நட்டத்துக்கு எல்லையே இல்லை; நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்தியாவில் செபி என்ற பங்குச் சந்தைக் கண்காணிப்பு நிறுவனம் 2024 செப்டெம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று வருடங்களில் இவ்வகை வியாபாரம் செய்த தனியாட்களில் 100க்கு 93 பேருக்கு நட்டம். நமது பிள்ளை மற்ற ஏழு பேரில் ஒருவனாக இருக்கலாம். இருந்தாலும் சேமலாப நிதிக் காசும் அடகு நகையும் இதற்குப் போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

காசு கேட்டால், திகதி எப்போது, முழுக்கப் போனால் எவ்வளவு என்று கேளுங்கள். "நீங்கள் அனுப்புங்கள், நான் போட்டுத் தருகிறேன்" என்று முகம் தெரியாத ஆள் வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். அப்படி மெசேஜ் வந்தவர்கள் போனோடு முன்னுக்கு வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.