தோள்பட்டைக்குள் ஒரு நாடாப்புழு
(சங்கரன்கோவிலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



சிவில் இன்ஜினியராச்சே, பாலத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். எங்க பெரியப்பாவின் வலது தோளைப் பற்றிப் பேசப்போகிறேன். நம்மில் பலர் வீட்டில் ஆடு நிற்கிறதே, அதனால்தான்.

2018-ல் தோளில் வலி என்றார். முதலில் நம்ம கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்து, எலும்பு டி.பி. என்று ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்தார்கள். வலி குறையவில்லை. ஒருநாள் அகத்திக்கட்டைத் தூக்கும்போது தோளுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வேறோர் இடத்தில், கேன்சராக இருக்கலாம், ஊசி குத்திப் பார்ப்போம் என்றார்கள். பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்குள் திராட்சைக்குலை மாதிரி ஓட்டைகள்.

"ஐயா, வீட்ல ஆடு, நாய் உண்டா?"

"நாப்பது உருப்படி கிடக்கு சார். நாயும் ரெண்டு நிக்கி."

அதுவரை யாருமே கேட்காத கேள்வி! ஊசி வேண்டாம், முதலில் எம்.ஆர்.ஐ. என்றார்.

நோயின் பெயர் ஹைடேடிட். எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு, அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை, கை வழியாகவோ கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போகிறது. பெரும்பாலும் ஈரலில், அடுத்து நுரையீரலில் நீர்க்கட்டி ஆகும். எலும்புக்குப் போவது நூற்றில் நாலுக்கும் குறைவு. மற்ற உறுப்புகளில் கட்டியைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டிவிடும். எலும்பில் அந்த உறை கிடையாது. சுவரில் கரையான் போல வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே போகும். ரத்தப் பரிசோதனையும் சில சமயம் ஏமாற்றிவிடும். ஊசி குத்திக் கட்டி உடைந்தால் உள்ளிருக்கும் நீர் சிந்தி, சிந்திய இடமெல்லாம் புதுக்கட்டி முளைக்கலாம். அலர்ஜியில் உயிரே போகலாம்.

ஆபரேஷனும் புற்றுநோய்க்குச் செய்வது போலத்தான். சுரண்டி எடுத்தால் போதாது. அரித்த பகுதியை ஒட்டிய நல்ல எலும்போடு சேர்த்து வெட்டினார்கள். சுற்றிலும் அடர்த்தியான உப்புநீரில் நனைத்த துணி. வெட்டிய இடத்தில் உலோகத் தோள்மூட்டு, அதைப் பிடித்து நிறுத்த எலும்பு சிமெண்ட். நம்ம கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்கு. அந்தச் சிமெண்ட் கால் மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. ஆனால் 28 அங்கேயும் விடவில்லை: அல்பெண்டசோல் மாத்திரை 28 நாள், 14 நாள் இடைவெளி, மறுபடி 28 என்று மாதக்கணக்கில். இடைவெளி விடாமல் கொடுப்பதும் உண்டாம்.

இப்போது பெரியப்பா சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. பல வருஷம் கழித்தும் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் வருஷம் ஒருமுறை மதுரைக்குப் போய் வருகிறோம். ஆடு அறுத்தால் ஈரல், நுரையீரல் கழிவை நாய்க்கு வீசுவதில்லை, ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கிறார். நாய்களுக்குப் பிராசிகுவான்டல் மாத்திரை. அதை விழுங்க வைப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய ஆபரேஷன்!