தீயின் உள்ளே பார்க்கும் கணக்கு



சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்க உமியை எரிக்கிறார்கள். புகை கறுத்தால் தீ சரியாக எரியவில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் அடுப்பின் எந்த மூலையில் காற்றுப் போதவில்லை, எங்கே சூடு மிஞ்சிவிட்டது என்று வெளியில் நின்று சொல்ல முடியாது. உள்ளே ஓர் உணர்கருவியைச் செருகினாலும் அது ஓரிடத்தின் சூட்டைத்தான் காட்டும்.

இதைக் கண்டறிய லேசர் உதவுகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். நீராவிக்கு 1,400 நனோமீற்றரை அண்டியும், காபனீரொட்சைட்டுக்கு 2,000 நனோமீற்றரை அண்டியும் அப்படிப்பட்ட அலைநீளங்கள் உண்டு. தீயைக் கடந்துவந்த கதிர் எவ்வளவு மங்கியதென்று அளந்தால், வழியில் எவ்வளவு வாயு இருந்ததென்று கணிக்கலாம். ஒரே வாயு உறிஞ்சும் இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டால் வெப்பநிலையும் கிடைக்கும்.

ஆனால் ஒரு கதிர் தருவது வழி முழுவதற்குமான கூட்டுத்தொகை. பல திசைகளிலிருந்து கதிர்களை அனுப்பி, அந்தத் தொகைகளைப் பிரித்து வெட்டுமுகப் படமாக்க வேண்டும். ஆஸ்பத்திரி சீ.ரி. ஸ்கேனும் இதே கணக்குத்தான். அதற்கு விரைவான ஒரு வழியை 1971இல் வெளியிட்டவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். இருவர் பெயரையும் சேர்த்து ‘ராம்-லக்’ என்றே உலகம் அந்த முறையை அழைக்கிறது. இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த முறைக்கு நூற்றுக்கணக்கான கோணங்கள் தேவை. தீயோ ஒரு நொடிக்குள் பலமுறை உருமாறும். கருவியைச் சுற்றிச் சுழற்ற நேரமில்லை. பிரித்தானிய ஆய்வாளர்கள் விமான இயந்திரத்தின் புகைத்தாரையைப் படமெடுக்க 6 திசைகளில் 126 கதிர்களை அமைத்தார்கள். படத்தை 40க்கு 40 கட்டங்களாகப் பிரித்தால் தெரியாத எண்கள் 1,600, அளவீடுகளோ 126தான்.

மிச்சத்தை நிரப்புவதில்தான் இன்றைய முயற்சி முழுவதும் இருக்கிறது. வாயுவின் அளவு பூச்சியத்துக்குக் கீழே போகாது, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்பவற்றைக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரே கதிர்ப்பாதையில் பல அலைநீளங்களை அளந்து கூடுதல் தகவல் பெறுகிறார்கள். அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கிறது. அது நொடிப்பொழுதில் படம் தரும். ஆனால் தான் பழகிய தீயைப் போலவே எல்லாத் தீயையும் வரைந்துவிடக்கூடும். ஆகவே வெப்பநிலை ஏற்கெனவே தெரிந்த ஒரு சுடரில் சோதிக்காத படத்தை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது; உமி எரியும் ஆலைகளும் அருகிலேயே இருக்கின்றன. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, தாயம் பாடத்துக்கு வரும்போது இந்த 126 கதிர்களின் கணக்கையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.