துடைக்கிற துணியைத் துவைக்கும் கலை

இளம்பிள்ளைக்காரர்களுக்கு நூலைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் ஊர் அது. பாவு எது, ஊடை எது, எந்தச் சேலைக்கு எத்தனை டெனியர் நூல் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அத்துபடி. பாலியஸ்டர் இழையைப் பட்டுப் போல மின்னும் சேலையாக்கி ஊர் ஊராக அனுப்பும் இந்த மண்ணின் நேயர்களுக்கு, அதே பாலியஸ்டரில் பிறந்த இன்னொரு துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைத் துடைக்கிற மைக்ரோஃபைபர் துண்டுதான் அது. கடையில் அதை வாங்குவது எளிது. துவைத்துக் காப்பாற்றுவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கார் பளபளப்பதும், அதன் மேல் கோடு விழுவதும், துடைத்த துணி போன தடவை எப்படித் துவைக்கப்பட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தவை.

சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று நீளும் இந்தப் பக்கம் வண்டிகளின் சீமை. சரக்கு லாரிகள், எரிவாயு டேங்கர்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், பாடி கட்டும் பட்டறைகள் என எல்லாமே இங்கே உண்டு. இவற்றைத் துடைக்கக் காலங்காலமாகக் கைகொடுப்பது திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். பருத்தி வெட்டுத்துணி என்பதால் எண்ணெயை நன்றாகக் குடிக்கும்; கிரீஸ் ஏறிவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடலாம். நட்டு, போல்ட்டு, டீசல் டேங்க் மூடிக்கு அதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. அந்த வேலைக்கு மைக்ரோஃபைபரை எடுப்பது வீண் செலவு.

காரின் பெயிண்ட் வேறு சங்கதி. வண்ணத்துக்கு மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் பெரும்பாலும் அதைவிட அதிகம். அமாவாசைக்குக் கஞ்சமலைச் சித்தர் கோவிலுக்குப் போய்விட்டு வருகிற காரில் படிந்திருக்கும் செம்மண் புழுதியில் மணல் துகள் இருக்கும். அந்தத் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. வெட்டுத்துணி அந்தத் துகளைப் பெயிண்டின் மேலேயே வைத்து இழுத்துக்கொண்டு போகும். தையல் விளிம்பும் முடிச்சும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிறகு காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும்.

மைக்ரோஃபைபர் இதை எப்படித் தவிர்க்கிறது? டெனியர் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். சேலைக்கு ஓட்டும் 75 டெனியர் பாலியஸ்டர் நூலில் 36 இழைகள் இருந்தால், ஒவ்வோர் இழையும் ஏறக்குறைய 2 டெனியர். மைக்ரோஃபைபர் என்ற பெயரே 1 டெனியருக்குக் கீழே போனால்தான் கிடைக்கும். நல்ல துடைப்புத் துண்டில் பாலியஸ்டரும் நைலானும் ஒரே இழைக்குள் பக்கம் பக்கமாகச் சேர்த்து இழுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 80-க்கு 20, சிலவற்றில் 70-க்கு 30 என்ற விகிதம். பிறகு அந்த இழையைப் பதப்படுத்தி நீளவாக்கில் பிளக்கிறார்கள். 2 டெனியர் இழை 16 கீற்றுகளாகப் பிளந்தால் ஒரு கீற்று 0.13 டெனியர்தான். ஒவ்வொரு கீற்றுக்கும் கூரான ஓரங்கள், கீற்றுகளுக்கு நடுவே நுண்ணிய சந்துகள். புழுதியும் ஈரமும் அந்தச் சந்துக்குள் ஏறிக்கொள்ளும். பெயிண்டின் மேல் தங்காது.

இவ்வளவு மெல்லிய இழைக்கு வழி திறந்தவர்களில் ஜப்பானின் டோரே நிறுவனத்து விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ முக்கியமானவர். 1970இல் அவர் உருவாக்கிய அல்ட்ராஸ்வேட், தோல் போன்ற மென்மையான துணி. உடைக்கும் இருக்கைக்கும் வந்த அந்த நுண்ணிழை நுட்பம்தான் பின்னாளில் துடைப்புத் துணிக்கும் வழிவிட்டது.

ஆக, இந்தத் துண்டின் முழு பலமும் அந்தச் சந்துகளில் இருக்கிறது. சந்து அடைந்துவிட்டால் அது வெறும் பாலியஸ்டர் துணி. துவைப்பதன் நோக்கம் சந்துகளைத் திறந்து வைப்பது, அவ்வளவுதான். செய்ய வேண்டியது எது, கூடாதது எது என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

முதலில், பருத்தித் துணியோடு சேர்த்துப் போடவே கூடாது. வீட்டுத் துண்டும் வேட்டியும் துவைக்கும்போது உதிர்க்கிற பஞ்சுத் தும்பை மைக்ரோஃபைபர் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதுதானே அதன் வேலை! அடுத்த முறை கண்ணாடியைத் துடைத்தால் அந்தத் தும்பு முழுக்கக் கண்ணாடியில் இருக்கும். இரண்டாவது, துணிக்கு வாசனையும் வழவழப்பும் தருகிற கண்டிஷனர் ஆகாது. அது இழையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சந்துகளை மூடிவிடும். துண்டு கைக்கு மெத்தென்று இருக்கும், தண்ணீரையோ தள்ளிக்கொண்டே போகும். குளோரின் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். துண்டில் இருக்கிற நைலானை அது அரித்துவிடும்.

துவைக்கிற கல்லில் அடிப்பது இந்த ஊர்ப் பழக்கம். வேட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது. துண்டின் மேல்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். அடித்தால் அவை அறுபடும். கல்லில் இருக்கிற மணலும் உள்ளே ஏறும். அந்த மணல் நேரே காரின் பெயிண்டுக்குத்தான் போகும்.

நல்ல முறை இதுதான். வேலை முடிந்த உடனே துண்டை உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பாலிஷ் போட்ட துண்டென்றால் தாமதிக்கவே கூடாது. பாலிஷில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் காய்ந்தால் இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஊறியபின் கொஞ்சம் திரவ சோப்பு விட்டு, கையால் கசக்கலாம். அல்லது மெஷினில் மென்மையான சுழற்சியில் ஓட்டலாம். சோப்புத்தூள் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கரையாத துகள் துணியில் தங்கிவிடும். பிறகு அலசல். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நுரை நின்ற பிறகும் இன்னொரு முறை அலச வேண்டும். தங்கிப்போன சோப்புதான் கண்ணாடியில் கோடு கோடாகத் தெரிவது.

இந்தப் பக்கத்துத் தண்ணீர் இன்னொரு எதிரி. சேலம், நாமக்கல் சமவெளியில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிற கால்சியமும் மக்னீசியமும் துண்டின் சந்திலும் படியத்தான் செய்யும். சோப்போடு சேர்ந்தால் பிசுபிசுத்த கசடாகவே மாறும். புதிதாக வாங்கியபோது மெத்தென்றிருந்த துண்டு ஆறே மாதத்தில் அட்டை மாதிரி விறைப்பதற்கு அதுவே காரணம். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில், கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதை எடுத்து வைப்பது நல்லது. மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட உத்தமம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. நிலத்துக்குள் இறக்குவதற்கு முன்னால் ஒரு குடம் எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. விறைத்துப்போன துண்டை வெள்ளை வினிகர் சிறிது கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசினால், படிந்த உப்பு கரைந்து பெருமளவு மீளும்.

சூட்டைப் பற்றிச் சாயப்பட்டறைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்ற அழுத்தத்தோடு சுமார் 130 டிகிரி வரை கொதிக்கவைக்கிறார்கள். சாதாரண சூட்டில் அந்த இழை சாயத்தை உள்ளே விடாது. எழுபது, எண்பது டிகிரியிலேயே பாலியஸ்டர் இளகத் தொடங்குகிறது. அப்போது நசுங்கினால் நசுங்கிய வடிவிலேயே குளிர்ந்துவிடும். எனவே கொதிக்கிற தண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் இந்தத் துண்டின் பக்கம் வரக் கூடாது. நாற்பது டிகிரி அளவிலான வெந்நீர் தாராளம். காயவைக்க நிழலும் காற்றும் போதும். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தரையில் பரப்புவதைவிட, வராந்தாவில் கொடி கட்டிப் போடுவதே மேல். மாடித் தரையின் தூசியும் ஒட்டாது.

துண்டுகளை வகைபிரிப்பதில் தொழில் தெரிந்தவர்களின் கண்டிப்பு பாராட்டத்தக்கது. பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், உள்ளே சீட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. துவைக்கும்போதும் தனித்தனியே. சக்கரத் துண்டில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புப் பொடி இருக்கும். அது பெயிண்டுத் துண்டுக்குத் தாவிவிடக் கூடாது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் உள்ள யூசி டேவிஸ் மருத்துவமனை தரை துடைக்க மைக்ரோஃபைபருக்கு மாறியபோது, ஓர் அறைக்குப் போட்ட துடைப்புத் துணியை அடுத்த அறைக்குக் கொண்டுபோகவில்லை. தண்ணீர்ச் செலவும் துப்புரவு மருந்துச் செலவும் வெகுவாகக் குறைந்தன. அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்காதே என்ற அதே கட்டுப்பாடுதான் கார் கடையிலும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமத்தைத் துடைப்பதற்கும் தனியாக ஒரு பழைய துண்டு வைத்துக்கொள்ளலாம். மஞ்சள், குங்குமச் சாயம் வெளிர் நிறத் துண்டை விட்டு எளிதில் போகாது.

கீழே விழுந்த துண்டை உதறிவிட்டு மறுபடி பெயிண்டில் வைப்பது பெரிய தவறு. அதைச் சக்கர வகைக்கு இறக்கிவிட வேண்டும். செராமிக் கோட்டிங் துடைத்த துண்டு இன்னும் மோசம். அந்தத் திரவம் இழைக்குள்ளேயே கண்ணாடி போல இறுகிவிடும். எவ்வளவு துவைத்தாலும் மீளாது. அதைப் பெயிண்டுக்குத் திரும்ப எடுக்கவே கூடாது.

துண்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. உலர்ந்த துண்டை உள்ளங்கையில் மெல்லத் தேய்த்தால் கைத்தோலின் சொரசொரப்பைப் பற்றிக்கொள்வது தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் சந்துகள் அடைந்துவிட்டன. கண்ணாடி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்தும் பார்க்கலாம். ஒரே இழுப்பில் குடித்தால் சரி, ஓரத்துக்குத் தள்ளினால் வினிகர்த் தண்ணீரில் ஊற வேண்டிய நேரம். தறியில் உட்கார்ந்து நூலை விரலால் எடை போட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சோதனை மிகச் சுலபம். அந்த விரல் ஞானம் கார் கழுவுகிற இளைஞர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். செயற்கை இழை ஒவ்வொரு துவைப்பிலும் உதிரும். மார்க் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஓர் உடை ஒரு துவைப்பில் 1900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று கண்டார்கள். இந்தப் பக்கத்துக் கழிவுநீர் போய்ச் சேரும் சரபங்கா, திருமணிமுத்தாறு ஆறுகள் காவிரியில்தான் கலக்கின்றன. நாமக்கல் வயல்களும் அதற்குக் கீழே உள்ள ஊர்களும் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. ஊறவைத்து அலசிய துண்டுகளை ஒவ்வொன்றாக மெஷினில் போடாமல், ஒரே வகையில் ஒரு சுமை சேர்ந்ததும் துவைப்பது, சூட்டையும் சுழற்சியையும் குறைப்பது, நெருக்கமான வலைப்பைக்குள் போட்டு மெஷினில் ஓட்டுவது ஆகியவை உதிர்வைக் குறைக்கும். மெஷினின் வடிகட்டியில் சேர்கிற தும்பைச் சாக்கடையில் அலசிவிடாமல், திரட்டிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.