தட்டருகே உறுமும் நாய்



நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் நாய் இல்லாத வீடு குறைவு. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டுக்குக் காவல், ஆலங்குடிப் பக்கம் பலாத்தோப்புக்குக் காவல், விராலிமலைப் பக்கம் ஆட்டுக்கொட்டிலுக்குக் காவல். ராத்திரியெல்லாம் நமக்காக விழித்திருக்கும் அந்த நாய், சோற்றுத் தட்டின் பக்கம் வீட்டுப் பிள்ளை போனால் உறுமுகிறது. "சோறு போடுற கையையே கடிக்க வருதே" என்று வீட்டுக்காரர் கம்பை எடுக்கிறார். அந்த அடி வேண்டாம் என்று சொல்லத்தான் இன்று பேச வந்தேன்.

நாய் உறுமுவது நன்றி கெட்டதனாலும் இல்லை, திமிரினாலும் இல்லை. கிடைத்ததைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்தான் அது. ஒரே தட்டில் ஐந்தாறு குட்டிகளோடு முட்டிமோதித் தின்று வளர்ந்த குட்டிக்கு அந்தப் பயம் எளிதில் வரும். விளையாட்டுக்குத் தட்டை இழுத்து இழுத்துச் சீண்டினாலும் வரும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே உண்டு. சோற்றோடு இது நிற்பதும் இல்லை. எலும்பு, கவ்வி வந்த செருப்பு, படுக்கிற சாக்கு என்று எதற்காகவும் உறுமும்.

உறுமல் என்பது கடிக்கும் முன் நாய் தருகிற எச்சரிக்கை. அதற்கும் முன்பே உடம்பு சொல்லிவிடும். ஆள் கிட்டே வந்ததும் அவசர அவசரமாக விழுங்கும். அப்படியே விறைத்து நின்றுவிடும். தலையைத் தட்டின் மேல் கவிழ்த்துக்கொண்டு, வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். அந்த நேரத்தில் வால் ஆடுகிறதே என்று நம்பிக் கிட்டே போகாதீர்கள், விறைத்த வாலும் ஆடும். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த தடவை சத்தமே இல்லாமல் கடிக்கும். "ஒரு சத்தமும் போடலைங்க, திடீர்னு கடிச்சிருச்சு" என்று ஆஸ்பத்திரியில் வந்து சொல்கிறவர்கள் வீட்டில், அந்த நாய் முன்னால் எத்தனையோ முறை உறுமி, அதற்காக அடி வாங்கியிருக்கக்கூடும்.

தட்டில் கையை விட்டுத் துழாவினால் நாய்க்குப் பழகிவிடும், யார் எஜமான் என்று தெரிந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. இந்த எஜமான் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது அது. டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர் 1970இல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் அவரே திருத்தி எழுதினார். அந்தத் திருத்தம் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாய் வளர்க்கும் 140 பேரிடம் விசாரித்தது. நாயின் வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கிப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேரிடம் நாய் மூர்க்கம் காட்டியிருக்கிறது. அடித்தவர்கள், உதைத்தவர்களிடம் 43 சதவீதம்.

அப்படியானால் என்னதான் செய்வது? நாம் கிட்டே போவது எடுப்பதற்காக அல்ல, கொடுப்பதற்காக என்று நாய்க்குப் புரிய வேண்டும். சோற்றை வைத்துவிட்டு விலகுங்கள். எத்தனை அடி தூரத்தில் ஆள் வந்தால் நாய் விறைக்கிறது என்று கவனியுங்கள். எட்டு அடி என்றால், பத்து அடிக்கு அப்பாலேயே நில்லுங்கள். தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, அவித்த முட்டைத் துண்டோ எலும்பில்லாத கோழிக்கறியோ, தட்டருகே வீசிவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். பேச்சு வேண்டாம், தடவல் வேண்டாம். தினமும் இதையே செய்யுங்கள். சில நாளில், உங்களைக் கண்டதும் விறைக்காமல், "என்ன கொண்டு வந்தே?" என்பது போல நிமிர்ந்து பார்க்கும். அதற்குப் பிறகுதான் அரை அடி கிட்டே போகலாம். மறுபடி விறைத்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். மணியோசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பாவ்லோவ் கண்ட அதே வழிதான் இது. சில வாரம் ஆகும், சில நாய்க்கு மாதக்கணக்கிலும் ஆகும். அவசரப்படுகிறவர்தான் கடி வாங்குவார்.

செருப்பைக் கவ்வினால் துரத்தாதீர்கள். ஒரு தின்பண்டத்தைத் தள்ளிப் போடுங்கள். அதை எடுக்கப் போகும்போது செருப்பை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நாய் இருந்தால் இரண்டு தட்டு, ஒன்றையொன்று பார்க்காத இடத்தில்.

இப்படிப் பழக்குவதெல்லாம் பெரியவர்கள் செய்கிற வேலை. பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய் என்றால் நீங்களாக முயலாமல், கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை கதவு சாத்திய இடத்திலோ கொட்டிலிலோ தனியாகச் சோறு வையுங்கள்.

நம் ஊரில் ஆபத்து கூடுவது கிடாவெட்டு நாளில். பந்தி நடக்கிறது, சொந்தக்காரர் பிள்ளைகள் வாசலெல்லாம் ஓடுகிறார்கள், நாய் எலும்போடு திண்ணைக்கடியில் கிடக்கிறது. பந்து உருண்டு அங்கே போனால் பிள்ளையும் பின்னால் போகும். நாயின் முகமும் பிள்ளையின் முகமும் ஒரே உயரம். ஆகவே விருந்து முடிகிறவரை நாயைத் தனி இடத்தில் அடைத்து வையுங்கள். வெந்த எலும்பைப் போடவும் வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

மீறிக் கடித்துவிட்டால், மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டு நாய்தானே, லேசான கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. மருத்துவர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

நல்லபடியாக இருந்த நாய் திடீரென்று தட்டருகே உறுமத் தொடங்கினால், பல்வலி, காதுப்புண், குடற்புழு என்று ஏதாவது இருக்கலாம். குட்டி போட்ட நாயும் அப்படித்தான். அரசுக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். கூடுதலாக ஏதும் பார்க்க வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் நாய்க்கு இந்த வருஷத்து வெறிநோய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்ப் போடுங்கள். தட்டருகே அது உறுமுவதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.