10 பெனிக் நாளேடு



இன்று ஒரு ஜெர்மானியப் பத்திரிகை முதலாளியைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். முதலாளி கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். அவருடைய இனம் அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் வாழ்ந்த சிறுபான்மை. அவரை உயர்த்தியவர்களோ வாரக்கூலி வாங்கிய ஏழைத் தொழிலாளர்கள்.

பெயர் லியோபோல்ட் உல்ஸ்டைன். 1826-இல் பவேரியாவில் ஃபியூர்த் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா காகித வியாபாரி. மகனும் அதே தொழிலைக் கற்று, பெர்லினுக்குப் போய்ச் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். நகர மன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 1877-இல், ஐம்பது வயதில், ஓர் அச்சகத்தை வாங்கினார். அதோடு ஒரு நாளேடும் கைக்கு வந்தது.

அப்போது நாட்டை நடத்தியவர் பிஸ்மார்க். யூதர்களுக்கு நாடு முழுவதும் சட்டப்படி சம உரிமை கிடைத்தது 1871-இல்தான். ஆறு வருட உரிமை! அதை வைத்துக்கொண்டு பிஸ்மார்க்கை எதிர்த்து எழுதும் ஏடுகளை நடத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1898-இல் அவர் செய்த காரியம். அந்த ஆண்டு 'பெர்லினர் மோர்கன்போஸ்ட்' என்ற காலை நாளேட்டைத் தொடங்கினார். மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டச் சொன்னால் வாரக்கூலி வாங்குகிறவன் எங்கே போவான்? அதனால் வாரத்துக்கு 10 பெனிக் கொடுத்தால் போதும் என்றார். நூறு பெனிக் சேர்ந்தால்தான் ஒரு மார்க். தொழிலாளி வீட்டு வாசலுக்கு நாளேடு வந்தது. ஓராண்டுக்குள் விற்பனை லட்சத்தைத் தாண்டியது. படிக்க மனமில்லாதவர்கள் என்று ஏழைகளை ஒதுக்கியவர்கள், விலையை மட்டும் யோசிக்கவே இல்லை.

1899-இல் லியோபோல்ட் காலமானார். ஐந்து மகன்களும் தொழிலை வளர்த்தார்கள். 1904-இல் தெருவில் கூவி விற்கும் நண்பகல் ஏடு வந்தது. 1930 வாக்கில் அவர்களுடைய படவார இதழ் கிட்டத்தட்ட 20 லட்சம் பிரதிகள் விற்றது. சுமார் பத்தாயிரம் பேருக்கு அந்த நிறுவனம் சோறு போட்டது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

உல்ஸ்டைன் நிறுவனத்துக்குக் கிராமத்து வாசகர்களுக்கான ஒரு வார ஏடும் இருந்தது. பத்திரிகைகள் எல்லாம் ஒரே மாதிரி சலிப்பூட்டுகின்றன என்று அமைச்சர் கோயபல்ஸ் குறைப்பட்டுக்கொண்டார். வாயைக் கட்டிவிட்டு, ஏன் பாடவில்லை என்று கேட்பது போல! 1934 ஏப்ரலில் அந்த ஏட்டின் ஆசிரியர் ஏம் வெல்க் இதைக் கிண்டலாக எழுதினார். ஏட்டுக்கு மூன்று மாதத் தடை. அவருக்கு ஒரானியன்பர்க் வதைமுகாம்.

அதே ஆண்டு குடும்பம் முழு நிறுவனத்தையும் விற்கும்படி நெருக்கப்பட்டது. கிடைத்தது உண்மை மதிப்பில் ஒரு சிறு பங்கு. நாஜிக் கட்சி நேராக முன்னால் வரவில்லை. இடையில் ஆள் வைத்து வாங்கியது. 1937-இல் உல்ஸ்டைன் என்ற நிறுவனப் பெயரும் போனது.

இதில் எனக்கு நெஞ்சு பதறுவது வேறு ஓர் இடத்தில். மோர்கன்போஸ்ட் நிற்கவில்லை. அதே பெயரில் 1945 ஏப்ரல் வரை காலையில் வந்துகொண்டே இருந்தது. இத்தனை ஆண்டு நம்பிப் படித்த தொழிலாளி, வழக்கம்போல அதைக் கையில் எடுத்தான். உள்ளே பேசியது வேறு ஆளின் குரல். கடையைப் பறித்தவன் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை, பார்த்தீர்களா?

மகன்களில் ஹெர்மன் 1943-இல் நியூயார்க்கில் அகதியாக இறந்தார். அதே ஆண்டு குடும்பத்தின் கதையை அவர் எழுதிய புத்தகம் வெளியானது. ருடால்ஃப் மட்டும் 1949-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பெர்லினுக்குத் திரும்பினார். இடிந்த நகரத்தில் தம் வீட்டுச் சொத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார். 1952-இல் நிறுவனம் கைக்கு வந்தது. அந்த செப்டம்பரிலேயே மோர்கன்போஸ்ட் மறுபடியும் அச்சேறியது.

அதை நீண்ட நாள் வைத்திருக்க அவர்களிடம் பணபலம் இல்லை. சில ஆண்டுகளில் நிறுவனம் ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற இன்னொரு பெரிய பத்திரிகை முதலாளியிடம் போய்விட்டது. ருடால்ஃப் 1964-இல் காலமானார். மோர்கன்போஸ்ட் பெர்லினில் இன்றும் வருகிறது.